டீயும் கேழ்வரகும் பாக்கும்: துவர்ப்பு உடம்புக்குள் என்ன செய்கிறது?

வாழைப்பூ நறுக்க உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு சட்டி மோர்த்தண்ணீர் இருக்க வேண்டும். நறுக்க நறுக்க அதில் போடாவிட்டால் பூ கறுத்துப்போகும். விரலில் எண்ணெய் தடவிக்கொள்ள மறந்தால் விரலும் கறுக்கும். பழைய இரும்பு அரிவாள்மணை என்றால் இன்னொன்றும் நடக்கும்: அலகின் மேல் நீலம் கலந்த கறுப்பில் ஒரு கறை படரும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. எவர்சில்வர் கத்தியில் இந்தக் கறை அப்படிப் பிடிப்பதில்லை.

பூ கறுப்பதும் அலகு கறுப்பதும் ஒன்றல்ல. அறுபட்ட இடத்தில் காற்றுப் பட்டதும் பூவிலுள்ள ஒரு நொதி வேலையைத் தொடங்கிவிடுகிறது, அதனால் பூ கறுக்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கும். மோரிலுள்ள புரதம் பூவின் துவர்ப்பையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அலகில் படரும் கறை வேறு. துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் இரும்பைச் சந்தித்ததால் வந்தது அது. அந்தக் காலத்தில் கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரில் அன்னபேதியைப் போட்டு எழுதும் மை செய்தார்கள். கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு, இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சி கடித்து உண்டாகும் முடிச்சுக்காய். பல நூற்றாண்டுகளாக அவர்களுடைய பத்திரங்களெல்லாம் அந்த மையில்தான் எழுதப்பட்டன. நாம் சாப்பிட்ட கையோடு ஒரு ஸ்ட்ராங் டீயைக் குடித்தால் வயிற்றுக்குள் நடப்பதும் இதே சேர்க்கைதான்.

டானின் நல்லதா கெட்டதா என்று கேட்டு இணையத்தில் தேடினால் இரண்டு பதிலும் கிடைக்கும். ஒரு பக்கம் ‘சத்தை உறிஞ்ச விடாத எதிர்ச்சத்து’, இன்னொரு பக்கம் ‘புற்றுநோயைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட்’. இரண்டுமே பாதிப் பேச்சு. டானினுக்குத் தெரிந்த முக்கியமான வேலைகள் இரண்டு. புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். இரும்பைக் கண்டால் கட்டிப்போடும். எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது, யாருடைய இரும்பைக் கட்டுகிறது, எத்தனை மணிக்கு என்பதைப் பொறுத்து அதே குணம் உதவியாகவும் இருக்கும், உபத்திரவமாகவும் இருக்கும்.

செடிக்கு இது தற்காப்பு. பட்டையிலும் விதைத்தோலிலும் பிஞ்சுக் காயிலும் டானினைச் சேர்த்துவைத்தால் கடிக்க வரும் பூச்சிக்கும் மிருகத்துக்கும் வாய் கூசும், தின்றது சரியாகச் செரிக்காது. விதை முற்றும்வரை காய் துவர்க்கும். பழுத்ததும் டானின் வாயில் கரையாத நிலைக்கு மாறிவிடும், துவர்ப்பு போய்விடும். வாழைக்காய் பழமாகும்போது நடப்பது அதுதான். நாவல்பழத்திலும் முந்திரிப்பழத்திலும் பழுத்த பிறகும் கொஞ்சம் தங்கிவிடுகிறது, அதனால்தான் அவற்றை உப்புத் தொட்டுத் தின்கிறோம்.

மனிதன் இந்தப் பொருளை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டது சமையலறையில் அல்ல, தோல் பதனிடும் தொட்டியில். பச்சைத் தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் அதை ஊறப்போட்டால் டானின் அந்தப் புரத இழைகளுக்கு நடுவே புகுந்து, ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அதன் பிறகு தோல் அழுகாது, கிருமி அதைத் தின்ன முடியாது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடிப் பக்கமெல்லாம் இப்படிப் பதனிட்ட தோல்தான் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் கப்பலேறியது. ஆஸ்திரேலிய வாட்டில் மரத்தை நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் தோட்டம் போட்டு வளர்த்ததற்குப் பட்டையிலுள்ள டானினும் ஒரு காரணம். இன்றைக்கு அந்த மரம் மலைப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருப்பது தனிக்கதை. தோல் தொட்டியை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பாக்கு பற்றிப் பேசும்போது இதே கொலாஜன் திரும்ப வரும்.

வேதியியலில் டானினை இரண்டு குடும்பமாகப் பிரிக்கிறார்கள். கடுக்காய், நெல்லிக்காய், மாதுளை ஓடு ஆகியவற்றில் இருப்பது நீரில் உடைந்து காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் என்று சின்னத் துண்டுகளாகக்கூடிய வகை. கேழ்வரகுத் தோல், சிவப்புச் சோளம், பாக்கு, திராட்சை விதை, புளியங்கொட்டைத் தோல் இவற்றில் இருப்பது சங்கிலிபோல் கோத்துக்கொண்ட, எளிதில் உடையாத வகை. டீயில் இருப்பதை இந்த இரண்டில் ஒன்றில் அடைப்பது கஷ்டம். பச்சை இலையில் கேட்டச்சின் என்ற சிறு மூலக்கூறுகளாக இருப்பவை, இலையைக் கசக்கிப் பழுக்கவைக்கும்போது ஒன்று சேர்ந்து பெரிதாகி டிக்காஷனுக்கு அந்தச் செந்நிறத்தையும் கடுப்பையும் தருகின்றன. டீக்கடையில் டஸ்ட் டீ போட்டுக் கொதிக்கவிட்டு இறக்குவதில் இது இன்னும் வேகமாக இறங்கும், தூள் அத்தனை நுணுக்கமாக இருப்பதால்.

நம் ஆறு சுவைக் கணக்கில் துவர்ப்பு ஒன்று. இன்றைய உடலியலாளர்கள் அதைச் சுவை என்று சொல்வதைவிடத் தொடு உணர்ச்சி என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். எச்சிலில் ப்ரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் இருக்கின்றன, வாயை வழுவழுப்பாக வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. டானின் அவற்றைப் பிடித்துத் திரளச் செய்துவிடுகிறது. வழுவழுப்பு போய், நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலைத்தான் துவர்ப்பாக உணர்கிறோம்.

இந்த எச்சில் புரதம் சும்மா இல்லை, அது ஒரு கேடயம். 1980களில் அமெரிக்காவில் எலிகளுக்கு டானின் அதிகமுள்ள சோளத்தைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று நாள் எலிகள் எடை குறைந்தன. அதற்குள் காதுக்குக் கீழே இருக்கும் எச்சில் சுரப்பிகள் பெருத்து, அந்தப் புரதத்தைப் பல மடங்கு சுரக்க ஆரம்பித்தன. அதன் பிறகு எலிகள் பழையபடி வளர்ந்தன. வெள்ளெலியான ஹாம்ஸ்டருக்கு இந்த வித்தை தெரியவில்லை. அதே மாதிரித் தீனியில் அது வளரவில்லை, டானின் அளவைக் கூட்டியபோது செத்தே போனது. கருவேலங்காயை வெள்ளாடு ரசித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். டானினைத் தாங்கும் சக்தி அதற்கு மாட்டைவிட அதிகம். மனிதன் இந்த விஷயத்தில் எலி பக்கம்தான்: நம் எச்சிலிலும் அந்தப் புரதம் தாராளமாக உண்டு. ஆகவே ‘டானின் புரதத்தைக் கெடுத்துவிடும்’ என்ற பயம், பலவகையாகச் சாப்பிடும் ஒருவருக்குப் பெரிதாகத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது இரும்பைப் பற்றித்தான்.

உணவில் இரும்பு இரண்டு விதமாக வருகிறது. கறி, மீன், ஈரல் இவற்றில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற கூட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. டானின் அதை அவ்வளவாகத் தொட முடிவதில்லை. கீரை, பருப்பு, அரிசி, சிறுதானியம், இரும்பு மாத்திரை இவற்றிலிருப்பது திறந்த வெளியில் நிற்கும் இரும்பு. குடலுக்குள் டானின் வந்தால் அதோடு சேர்ந்து கரையாத கட்டியாகி, உடம்பில் ஏறாமல் மலத்தோடு போய்விடும். 1975ல் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். ரொட்டியோடும், சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் சேர்ந்த சாப்பாட்டோடும் டீ கொடுத்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது வெகுவாகச் சரிந்தது. ஹீம் இரும்பு உள்ள ரத்தப் புரதமான ஹீமோகுளோபினைச் சமைத்து அதோடு டீ கொடுத்தபோது சரியவில்லை. 1999ல் வந்த இன்னொரு ஆய்வில் ரொட்டியோடு குடித்த பால் சேர்க்காத டீ, அதன் கடுப்பைப் பொறுத்து 79 முதல் 94 சதவீதம்வரை இரும்பைத் தடுத்தது. மூலிகை டீ என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு: அதே ஆய்வில் புதினா வகை டீ 84 சதவீதம், கோகோ 71 சதவீதம்.

‘நாங்கள் பால் ஊற்றித்தானே குடிக்கிறோம்’ என்பது நியாயமான கேள்வி. பாலிலுள்ள கேசீன் புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் பால் டீ வாயில் அவ்வளவு துவர்ப்பதில்லை. ஆனால் அதே 1999 ஆய்வு பால் சேர்த்தும் பார்த்தது. இரும்பு விஷயத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. வயிற்றில் பால் புரதம் செரிக்கப்பட்டதும் டானின் விடுபட்டுவிடுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது. எப்படியானாலும் வாய் சொல்வதை நம்பி வயிற்றைக் கணக்குப் போட முடியாது.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரும் ஆய்வு, 2008ல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. ரத்தசோகை உள்ள இளம்பெண்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம்; எல்லாருக்கும் அரிசிச் சாப்பாடு. கூட ஒரு கோப்பை டீ குடித்தபோது இரும்பு ஏறுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இரண்டு கோப்பைக்கு மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. இரும்புப் பற்றாக்குறை இருக்கும் உடம்பு கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அவர்களுக்குச் சாதாரணமாகவே அதிக இரும்பு ஏறும். ஆனாலும் டீ அவர்களையும் விட்டுவைக்கவில்லை. அதே ஆய்வில் வைட்டமின் சி கொடுத்தபோது இரு பக்கத்தாருக்கும் இரும்பு ஏறுவது பல மடங்கு கூடியது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21ல் எடுத்தது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. நாடு முழுக்க எடுத்தால் 57 சதவீதம். இத்தனையும் டீயின் வேலை என்று சொன்னால் அபாண்டம். மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், கொக்கிப்புழு, கறி மீன் அபூர்வமாகவே சேரும் தட்டு, தானியத்திலிருக்கும் ஃபைட்டேட் என்று பெரிய பட்டியல் இருக்கிறது. ஃபைட்டேட்டும் இரும்பைக் கட்டும், சிறுதானியத்தில் டானினோடு சேர்ந்தே இருக்கும். ஆனால் பட்டியலில் உள்ள மற்றவற்றை மாற்றக் காசும் காலமும் வேண்டும். டீ குடிக்கும் நேரத்தை மாற்ற ஒன்றும் வேண்டாம்.

நேரம் எவ்வளவு முக்கியம்? 1983ல் காபியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி இரும்பைத் தடுக்கவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, சாப்பாட்டோடு குடித்த அதே அளவுக்குத் தடுத்தது. சாப்பாடு அப்போதும் வயிற்றில்தானே இருக்கிறது. 2017ல் இங்கிலாந்துப் பெண்களிடம் டீயை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு மணி நேர இடைவெளி தடையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் கணக்கு இது: சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் ஒரு மணி நேரம் போதும், பின்னால் என்றால் இரண்டு மணி நேரம் விடுவது நல்லது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கும் டீயைப் பற்றி ஆயிரம் புகார் சொல்லலாம், இரும்பு விஷயத்தில் அதன் மேல் குற்றமில்லை. குற்றம் இட்லியோடு குடிக்கும் இரண்டாவது டீயின் மேல்தான். அதைவிடப் பெரிய குற்றம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையை டீயை வைத்து விழுங்குவது. கர்ப்பிணிகள் இப்படிச் செய்வது நடக்கிற காரியம்தான். மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, வெறும் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறது, டீயில் இறங்குகிறது. எலுமிச்சைச் சாற்றில் இறக்கிப் பாருங்கள் என்று சொல்ல யாராவது ஒருவர் வேண்டும்.

எலுமிச்சை என்று வாய்ப்பழக்கமாகச் சொல்லிவிட்டேன். 1991ல் வந்த ஓர் ஆய்வின்படி, 100 மில்லிகிராமுக்கு மேல் டானிக் அமிலம் (டானினில் ஒரு வகை) உள்ள சாப்பாட்டை ஈடுகட்டக் குறைந்தது 50 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. பிழிந்த அரை மூடி எலுமிச்சையில் அவ்வளவு வராது. ஒரு கொய்யாப்பழத்தில் தாராளமாக வரும். நெல்லிக்காய் வேடிக்கையான ஆள்: அதில் டானினும் உண்டு, வைட்டமின் சியும் நிறைய உண்டு. அதைக் கடித்ததும் வாய் சுருங்குவது ஒன்றால், இரும்புக்கு உதவுவது இன்னொன்றால்.

இங்கே ஒரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டை அளந்தவை. மாதக்கணக்கில் டானின் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தைப் பார்த்தால், அந்த 60, 80 சதவீதச் சரிவுக்கு ஏற்றபடி இரும்புச் சேமிப்பு சரிந்துபோவதில்லை. எலிக்கு நடந்ததுபோல் நம் எச்சிலும் பழகிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். பகலெல்லாம் டீ குடித்தும் ஹீமோகுளோபின் 14ல் நிற்கும் ஆண்கள் எல்லாத் தெருவிலும் இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மாதாமாதம் ரத்தம் இழக்காததும், டீக்கடையில் டீயோடு புரோட்டாவும் சால்னாவும் இருப்பதும் இன்னும் நேரான காரணங்கள். விளிம்பில் நிற்பவர்களுக்குத்தான் டீ தள்ளிவிடும் விஷயம்: வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள், கர்ப்பிணிகள், கறி சேர்க்காத பெண்கள், இணை உணவு தொடங்கிய குழந்தைகள். ஒரு வயதுக் குழந்தைக்குப் பிஸ்கட்டை டீயில் தோய்த்து ஊட்டும் பழக்கத்தை மட்டும் எந்த ஆய்வையும் காட்டி நியாயப்படுத்த முடியாது.

குழந்தை என்றதும் கேழ்வரகுக்கு வருவோம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசிக்கும் கோதுமைக்கும் இது எட்டாத உயரம். அதன் செம்பழுப்பு நிறம் விதைத்தோலிலிருந்து வருகிறது, டானின் இருப்பதும் அதே தோலில்தான். வெள்ளைக் கேழ்வரகு என்று ஒரு ரகம் உண்டு, அதில் டானின் மிகக் குறைவு. பச்சைக்குழந்தைக்குக் கேழ்வரகுப்பால் காய்ச்சும் முறையைக் கவனித்துப் பாருங்கள். இரவே ஊறவைப்பார்கள், துணியில் கட்டி முளைவிடச் செய்வார்கள், அரைத்து வெள்ளைத்துணியில் வடிகட்டிப் பாலை மட்டும் எடுத்துக் காய்ச்சுவார்கள். துணியில் தங்கும் செந்நிறச் சக்கை மாட்டுக்குப் போகும். அந்தச் சக்கைதான் விதைத்தோல். டானினில் பெரும்பங்கு அதோடு வெளியேறிவிடுகிறது. ஊறும்போதும் முளைக்கும்போதும் ஃபைட்டேட்டும் உடைகிறது. வேதியியல் படிக்காத பாட்டிகள் ‘பிள்ளைக்குச் செரிக்கும்’ என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நார்ச்சத்து போச்சே என்று இதை வடிகட்டாமல் கொடுக்கச் சொல்லும் யூடியூப் அறிவுரை பெரியவர்களுக்குப் பொருந்தலாம், ஆறு மாதக் குழந்தைக்கு அல்ல.

கூழும் அப்படித்தான். மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவிட்டு, மறுநாள் காய்ச்சி, மோர் ஊற்றிச் சின்ன வெங்காயமும் மாங்காயும் கடித்துக்கொண்டு குடிக்கும்போது புளிப்பு, வைட்டமின் சி எல்லாம் இரும்பு பக்கம் நிற்கின்றன. அதே கேழ்வரகு மாவைப் பிஸ்கட்டாகச் சுட்டு, பாக்கெட்டில் ‘இரும்புச்சத்து நிறைந்தது’ என்று அச்சடித்து, டீயோடு தொட்டுக்கொள்ளச் சொல்வது வியாபாரம். தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதும் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதும் வேறு வேறு கணக்கு. பயறுகளுக்கும் இதுவே வழி: காராமணி, கொள்ளு, ராஜ்மா என்று தோலுக்கு நிறம் அதிகமுள்ளவற்றை ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பது போதும். தோல் நீக்கிய பருப்பில் டானின் பெரிதாக இருக்காது.

சர்க்கரை நோய்க்குத் துவர்ப்பு நல்லது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லாமலில்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளும் புரதம்தானே; டானின் அவற்றையும் பிடித்து வேகத்தைக் குறைக்கும். ஆனால் இதில் பெரும்பகுதி சோதனைக் குழாயில் பார்த்தது. கேழ்வரகைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்துவிட்டு குளுக்கோமீட்டரில் பார்த்தால், துவர்ப்பை நம்பினவர்களுக்கு ஏமாற்றம்தான்.

பாக்கு வேறு மாதிரியான விஷயம், இங்கே தயங்கிப் பேச ஒன்றுமில்லை. 1952ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் ஒரு விசித்திர நோயை மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார்: வாயின் உள்தோல் வெளுத்து, விறைத்து, வாயைத் திறக்கவே முடியாத நிலை. அடுத்த வருடமே இந்தியாவிலிருந்தும் அதே நோய் பதிவாயிற்று. இன்று இதற்குக் காரணம் பாக்கு என்பதில் சந்தேகமில்லை. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னத்தின் உள்பக்கம் விரலால் தடவினால் பட்டை பட்டையாகத் தட்டுப்படும். பிறகு வாய்க்குள் மூன்று விரல் போகாது, இரண்டு விரல் போகாது. சோற்றுக் கவளத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போவார்கள்.

உள்ளே நடப்பது இரண்டு வேலை. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், கொலாஜனை அதிகமாக உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. பழைய கொலாஜனை உடைத்து அகற்றத்தான் உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. ஆனால் பாக்கின் டானின் கொலாஜன் இழைகளைப் பிணைத்து, அந்த நொதியால் உடைக்க முடியாதபடி செய்துவிடுகிறது. வரவு கூடுகிறது, செலவு நின்றுபோகிறது. ஆவாரம்பட்டைத் தொட்டியில் செத்த தோலுக்கு நடந்தது இங்கே உயிருள்ள கன்னத்தில் நடக்கிறது. இந்த விறைப்பு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் வாய்ப் புற்றுநோயாகவும் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் பாக்கை, புகையிலை சேராத வெறும் பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. கல்யாணத்தில் ஒரு வெற்றிலை போடுவதற்கும், சாந்தமாக இருக்கிறதே என்று நாள் முழுக்கச் சீவலையோ பாக்கெட் பாக்கையோ கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. டானினுக்கு வேண்டியது நேரம். கன்னத்தில் ஒதுக்கிவைத்தால் அந்த நேரத்தை நாமே கொடுக்கிறோம்.

சரி, நல்லது என்று சொல்ல ஒன்றுமில்லையா? உண்டு, ஆனால் விளம்பரத்தில் வரும் இடத்தில் இல்லை. வயிற்றுப்போக்குக்கு மாதுளை ஓட்டுக் கஷாயமும் பால் ஊற்றாத கடுந்தேநீரும் கொடுப்பதன் தர்க்கம் புரிகிறது: குடல் சவ்வின் மேல் புரதத்தோடு சேர்ந்து ஒரு படலம். ஜெலட்டினோடு டானினைச் சேர்த்து மருந்தாகவும் சில நாடுகளில் விற்கிறார்கள். ஆனாலும் குழந்தைக்குப் போக்கு எடுத்தால் முதலில் கரைக்க வேண்டியது ஓஆர்எஸ் பொட்டலம். உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் தண்ணீரும்தான். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும் பெண்களுக்குக் கிரான்பெர்ரியின் டானின், கிருமி பாதைச் சுவரில் ஒட்டாமல் தடுக்க ஓரளவு உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அந்தப் பழம் புதிதாக நம் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை, பெரும்பாலும் கிடைப்பது சர்க்கரை கலந்தது.

மாதுளையின் கதை சுவாரசியமானது. அதன் டானின் அப்படியே ரத்தத்தில் ஏறுவதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து யூரோலித்தின் என்ற சின்னப் பொருளாக்குகின்றன, அது ஏறுகிறது. தசைக்கு நல்லது, வீக்கத்தைக் குறைக்கும் என்று இப்போது ஆராய்ந்துகொண்டிருப்பது இந்தப் பொருளைத்தான். விஷயம் என்னவென்றால் எல்லார் குடலிலும் அந்த பாக்டீரியா இல்லை. ஒரே பழத்தை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுத் தின்றாலும் ஒருவருக்கு யூரோலித்தின் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காமலே போகலாம். ‘ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண்’ போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. சோதனைக் குழாயில் எடுத்த அந்த எண்கள் உடம்புக்குள் நடப்பதைச் சொல்வதில்லை என்பதால் அமெரிக்க வேளாண் துறையே தன் பட்டியலை 2012ல் எடுத்துவிட்டது. நம் ஊர் விளம்பரங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பிழிந்தெடுத்த சாரமாகவோ குளிகையாகவோ வாங்குகிறவர்கள் ஒரு பழைய அனுபவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1925ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் பூசும் வைத்தியம் தொடங்கியது. புண்ணின் மேல் பொருக்கு கட்டி நீர் வடிவது நின்றது, உலகமெங்கும் பரவியது. 1940களில்தான் தெரிந்தது, புண் வழியாக ரத்தத்தில் ஏறிய டானிக் அமிலம் ஈரலை அழித்துக்கொண்டிருந்தது. 1960களில் குடல் எக்ஸ்ரேக்காக எனிமாவில் கலந்து கொடுத்தபோதும் சாவுகள் நேர்ந்து, அமெரிக்க அரசு தலையிட வேண்டியிருந்தது. சாப்பாட்டில் வரும் டானின் இப்படிச் செய்வதில்லை. பெரிய மூலக்கூறு, எச்சிலோடும் உணவோடும் ஒட்டிக்கொண்டு குடலோடு போய்விடுகிறது. கூட்டமாகக் காலி வயிற்றில் இறங்கினால் கதை மாறலாம். பச்சைத் தேயிலைச் சாரத்தில் இருக்கும் ஈஜிசிஜி என்ற கேட்டச்சினை நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு ஈரல் நொதி ஏறியதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் சுட்டிக்காட்டியது. கோப்பையில் குடிக்கும் பச்சைத் தேநீரின் மேல் அந்தப் புகார் இல்லை.

இரும்பைக் கட்டிப்போடும் குணமே மருந்தாகும் இடமும் ஒன்று இருக்கிறது. ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரை நோயில் உடம்பு தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சி ஈரலிலும் இதயத்திலும் சேர்த்துவைக்கும். அவ்வப்போது ரத்தத்தை வெளியே எடுப்பதே சிகிச்சை. 1998ல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வில், சாப்பாட்டோடு டீ குடித்துவந்த இந்த நோயாளிகளுக்கு இரும்பு மெதுவாகவே சேர்ந்தது. தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயில், குறிப்பாக அடிக்கடி ரத்தம் ஏற்றத் தேவையில்லாத நடுத்தர வகையில், குடல் இரும்பை அள்ளிக்கொண்டே இருக்கும். அவர்களைச் சாப்பாட்டோடு டீ குடிக்கச் சொல்வது வழக்கம், இரும்பை அகற்றும் மருந்துக்குப் பதிலாக அல்ல, அதற்குத் துணையாக.

இதில் சிக்கல் என்னவென்றால் தாலசீமியா மரபணுவை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவருக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவே காட்டும், சிவப்பணுக்கள் சின்னதாக இருக்கும்; பார்வைக்கு இரும்புப் பற்றாக்குறை மாதிரியே இருக்கும். வெறும் ஹீமோகுளோபின் எண்ணைப் பார்த்து வருடக்கணக்கில் இரும்பு டானிக் குடிப்பவர்களும், டீயை விட்டும் பேரீச்சம்பழம் தின்றும் எண் ஏறவில்லையே என்று கவலைப்படுபவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். மூன்று மாதம் இரும்பு மாத்திரையை ஒழுங்காக, டீ படாமல் போட்டும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால், மருத்துவரிடம் ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபெரிட்டின் சேமிப்பில் இரும்பு இருக்கிறதா என்று சொல்லும், ஏ2 அது தாலசீமியா பக்கத்து விஷயமா என்று சொல்லும்.